முதியவர்களின் பேச்சைத் திருத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை கட்டிய கல்லோயாத் திட்டத்தில் வேலை செய்த முதியவர்களின் நினைவுகளைத் திரட்டி மலர் ஒன்று வெளியிடப்போவதாக எங்கள் பகுதிப் பொது அமைப்பு ஒன்று அறிவித்திருந்தது. தங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில் பலரும் அதை வாசித்திருப்பார்கள். எண்ணம் நல்லது. அதைச் செய்யும் விதத்தோடுதான் எனக்குப் பிணக்கு. அமைப்பின் கூட்டத்தில் என் கருத்தைச் சொன்னேன். "அம்மா சொல்வதையும் கவனத்தில் எடுப்போம்" என்றார்கள். அதன் பொருள் என்னவென்று அரச சேவையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளராகவும் தட்டெழுத்தாளராகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த அமைப்பினர் என்னை அழைத்ததும் அதற்காகத்தான். முதியவர் கதைக்கக் கதைக்க நான் எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். தொண்ணூறு கடந்த ஒருவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். இங்கினியாகலையில் அணை கட்டிய காலத்தில் காடு வெட்டும் கூலியாக அங்கே போனவர். காது மந்தம், ஆனால் நினைவு தெளிவு.

அவர் என்ன சொன்னார் என்பதை என் குறிப்புப் புத்தகத்திலிருந்து சுருக்கித் தருகிறேன். கங்காணி ஒவ்வொரு சம்பளத்திலும் தனக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டான். ஒருவனுக்கு மட்டும் பிடிக்கவில்லை, அவனுடைய அக்காவைத்தான் கங்காணி கலியாணம் முடிக்க இருந்தான். வெள்ளைக்காரச் சாரதி ஒருவன் இவரைப் பெரிய மண்வெட்டி இயந்திரத்தின் மேல் ஏற்றி இருத்தினான். இறங்கும்போது கால் நடுங்கியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பாம்பு கடித்த ஒருவனை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பி வரவில்லை. உயிரோடு இருந்தானா இல்லையா என்று கேட்பதற்கு யாரும் போகவில்லை, போனால் அன்றைய கூலி இல்லை. இந்த இடத்தில் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதையும் நான் குறித்திருக்கிறேன்.

கேட்கப் போனவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவர் வாயை ஒருவர் மறித்துக் கேள்வி கேட்டார்கள். பாம்புக் கதையில், "அதை விடுங்கள் ஐயா, அணை திறந்த அன்று எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்" என்று ஒருவர் திருப்பினார். அணை திறந்த அன்று தான் அங்கே இல்லை, காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன் என்றார் முதியவர். கேட்டவரின் முகத்தில் ஏமாற்றம்.

மலருக்கென்று தயாரான பக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் கங்காணி இல்லை, அக்கா இல்லை, பாம்பு இல்லை. "அன்னார் தமது இளமைக் காலத்தில் அயராது உழைத்து இப்பிரதேசத்தின் பசுமைக்கு வித்திட்ட பெருமைக்குரியவராவார்" என்று இருந்தது. உயிரோடிருக்கும் மனிதரை "அன்னார்" என்று எழுதியதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் அன்று காலையிலிருந்து மதியம் வரை கதைத்ததில் ஒரு சொல்லாவது அந்தப் பக்கத்தில் இல்லையே! ஆனால் மலரின் முன்பகுதியில் ஆசிச் செய்திகளுக்கும் வாழ்த்துச் செய்திகளுக்கும் மட்டும் இருபது பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

என் பேத்தி கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். நான் வீட்டில் புறுபுறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவின் ஜனாதிபதி நூலகங்களில் இருக்கும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கணினியில் எடுத்துக் காட்டினாள். ஆங்கிலம் எனக்குத் தொழில் மொழி என்பதால் வாசிக்கச் சிரமமில்லை. நூலகம் என்றதும் புத்தகம் இரவல் கொடுக்கும் இடம் என்று நினைக்கக் கூடாது. ஒரு ஜனாதிபதியின் காலத்துக் கடிதங்கள், குறிப்புகள், நாட்குறிப்புகள், படங்கள், ஒலிநாடாக்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் சுவடிக்கூடம் அது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன்னுடைய ஊரான ஹைட் பார்க்கில் 1941 இல் திறந்ததுதான் முதலாவது. அதற்கு முன்னர் பதவி முடிந்த ஜனாதிபதி தன் பத்திரங்களைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார், அவை அவருடைய சொந்தச் சொத்து என்றே கருதப்பட்டன. வாட்டர்கேட் ஊழலில் சிக்கிப் பதவி விலகிய நிக்சனின் விவகாரத்துக்குப் பின்னர் 1978 இல் கொண்டுவந்த சட்டம்தான் அவை மக்களின் சொத்து என்று உறுதிப்படுத்தியது. றேகன் காலத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

பத்திரங்களோடு மட்டும் அவர்கள் நிற்கவில்லை. அந்த ஜனாதிபதியோடு வேலை செய்தவர்களை, அவரை எதிர்த்தவர்களை, சிறு வயதில் அவரோடு கூடித் திரிந்தவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து ஒலிநாடாவில் பதிந்தார்கள். மிசூரி மாநிலத்தில் ட்ரூமன் நூலகத்தின் பேட்டிகளில் சில, ஒரு தட்டெழுத்தாளர் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய குறிப்போடு தொடங்குகின்றன. பேட்டி கொடுத்தவர் இந்தப் பிரதியைப் பார்த்துச் சிறு திருத்தங்களே செய்திருக்கிறார், ஆகவே இது எழுத்தில் அமைந்ததல்ல, பேச்சில் அமைந்தது என்பதை வாசிப்பவர் நினைவில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வளவு நேர்மையான ஒரு வரியை நான் தட்டச்சு செய்த எந்த ஆவணத்தின் தலையிலும் கண்டதில்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரத்தில் லிண்டன் ஜோன்சன் நூலகம் இருக்கிறது. அங்கே அமைச்சர்களின் பேட்டிகளோடு ஜோன்சன் வீட்டுச் சமையற்காரியின் பேட்டியும் இருக்கிறது. சேஃபர் றைட் என்ற கறுப்பினப் பெண்மணி. 1974 இல் அவரைப் பதிந்திருக்கிறார்கள். ஜோன்சன் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. டெக்சாசிலிருந்து வொஷிங்டனுக்குக் காரில் போகும்போது தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்களுக்குச் சாப்பிட ஒரு கடையோ, ஒதுங்க ஒரு கழிவறையோ கிடைக்காது. சிவில் உரிமைச் சட்டத்துக்காக வாதாடிய நாட்களில் ஜோன்சன் பிறரிடம் எடுத்துச் சொன்ன கதைகளில் அதுவும் ஒன்று. அது அந்தச் சமையற்காரி பட்ட அனுபவம். 1964 இல் சட்டத்தில் கையொப்பமிட்ட பேனாக்களில் ஒன்றை ஜோன்சன் அவருக்குக் கொடுத்தார். நம்முடைய ஆட்கள் மலர் போட்டிருந்தால் சமையற்காரிக்கு அதில் என்ன இடம் கிடைத்திருக்கும்? விழா மண்டபத்தின் பின்னால் தேநீர் ஊற்றும் இடம்தான்.

நான் அந்தப் பிரதிகளை வரலாறு அறிய மட்டும் வாசிக்கவில்லை, தொழிற்காரியின் கண்ணோடும் வாசித்தேன். முதலில் கண்ணில் பட்டது கேள்விகள். பேட்டி காண்பவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அப்படியே இருக்கிறது. சிரித்தால் சிரித்தார் என்று இருக்கிறது. ஒலிநாடாவை மாற்றிய இடம் குறித்திருக்கிறது. எங்கள் நீதிமன்றங்களில் நான் எடுத்த சாட்சியங்களில் பெரும்பகுதி அப்படியில்லை. சட்டத்தரணி கேட்பார், சாட்சி "ஓம்" என்பார். நீதிபதி அதை "நான் அன்று மாலை அவ்விடத்தில் நின்றேன்" என்று முழு வாக்கியமாக்கிச் சொல்லித் தருவார். நான் அதைத்தான் எழுதுவேன். வழக்கை நகர்த்த அது வேண்டும், அதில் தவறு காண நான் வரவில்லை. ஆனால் பிற்காலத்தில் அந்தக் கோவையைத் திறக்கும் ஒருவருக்கு அந்த வாக்கியம் சாட்சியின் வாயிலிருந்து வந்ததா, சட்டத்தரணியின் வாயிலிருந்து வந்ததா என்று தெரியப்போவதில்லை. "அணை கட்டியது ஊருக்கு நன்மைதானே ஐயா?" என்று கேட்டு "ஓம்" என்ற பதிலை வாங்கிவிட்டு, "அணையால் ஊர் நன்மை பெற்றது என்கிறார்" என்று மலரில் போடுவதும் இதே வேலைதான். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையாவது உண்டு.

அடுத்தது ஒலிநாடா. நாவிதன்வெளியில் ஓர் இளைஞர் தன் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் பதிந்தார். பிறகு கேட்டபோது, தொலைபேசியில் இடம் நிரம்பிவிட்டது, பக்கம் எழுதியாயிற்றுத்தானே என்று அழித்துவிட்டேன் என்றார். ஒரு கலியாண வீட்டு வீடியோவுக்கு இடம் வேண்டியிருந்ததாம். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். வாய்மொழி வரலாற்றை 1948 இல் ஒரு துறையாகத் தொடங்கிய கொலம்பியாப் பல்கலைக்கழகமே ஆரம்ப வருடங்களில் தட்டச்சுப் பிரதி தயாரானதும் நாடாவை அழித்து வேறு பேட்டிக்குப் பாவித்தது. நாடாவின் விலை ஒரு காரணம், தட்டச்சுப் பிரதியே போதும் என்ற நினைப்பு இன்னொரு காரணம். இப்போது அந்தக் குரல்களை யாரும் கேட்க முடியாது. நாவிதன்வெளி முதியவரின் குரலும் அப்படித்தான் போய்விட்டது. மிஞ்சியிருப்பது என் சுருக்கெழுத்துக் குறிப்பு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ண ஒரு கை போதும்.

நாடாவைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருத்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. நிக்சன் தன் அலுவலகத்தில் எல்லாப் பேச்சையும் இரகசியமாகப் பதிவுசெய்து வைத்திருந்தார், ஏறத்தாழ 3,700 மணி நேரம். அவை இன்று கலிபோர்னியாவில் யோர்பா லிண்டாவில் உள்ள நிக்சன் நூலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் 1972 ஜூன் 20 ஆம் திகதிப் பதிவில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்த செயலாளர் ரோஸ் மேரி வூட்ஸ், தொலைபேசி எடுக்கத் திரும்பியபோது நாடாக் கருவியின் கால் மிதியை அழுத்தியபடியே இருந்துவிட்டேன், ஐந்து நிமிடம் வரையில் என்னால் அழிந்திருக்கலாம் என்றார். கையால் தொலைபேசியையும் காலால் மிதியையும் எட்டிப் பிடித்துப் படத்துக்கும் அமர்ந்து காட்டினார். உலகம் சிரித்தது. மீதி நிமிடங்களை அழித்தது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. பெரிய இடத்தில் காணாமல்போன பேச்சுக்குத் தட்டெழுத்துக்காரியின் காலைக் காட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம்தான் போலும்.

என் முக்கிய ஆட்சேபம் வேறு. எல்லாவற்றையும் இப்போதே வெளியிட முடியாது, அதனால் மலர் ஒருபோதும் முழுதையும் தாங்காது. அமெரிக்க நூலகங்களில் பேட்டி கொடுப்பவர் ஒரு நன்கொடை உறுதி எழுதுகிறார், நம்மவர்கள் பிள்ளைகளுக்குக் காணி எழுதிக் கொடுப்பதைப் போல. இந்தப் பேச்சை நூலகத்துக்குக் கொடுக்கிறேன், ஆனால் இன்ன காலம் வரை திறக்கக் கூடாது, இன்ன பகுதியை நான் உயிரோடிருக்கும்வரை காட்டக் கூடாது என்று அதில் நிபந்தனை போடலாம். ஜாக்குலின் கென்னடி 1964 இல் கணவர் கொலையுண்டு சில மாதங்களில் கொடுத்த நீண்ட பேட்டி 2011 இல்தான் வெளியானது. அவர் 1994 இலேயே இறந்துவிட்டார். மூடி வைக்கலாம் என்ற உறுதி இருந்தபடியால்தான் அவ்வளவு மனம் திறந்து பேசியிருக்கிறார்.

இதை நம்முடைய அம்பாறை மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். 1956 ஜூனில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் நடந்த இனக்கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று சாராரிலும் இருக்கிறார்கள். தன்னை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது யார், தன் வாடியைக் கொளுத்த வந்தவர்களில் முகம் தெரிந்தவர் யார் என்று ஒரு கிழவர் சொன்னால், அந்த முகத்தின் பேரப்பிள்ளைகள் இன்று அவருடைய வயலுக்குப் பக்கத்து வயல்காரர்களாக இருக்கலாம். மலருக்கு என்றால் அவர் "அந்த நாட்களில் சில கஷ்டங்கள் வந்தன" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். இருபத்தைந்து வருடம் மூடி வைக்கிறோம், உங்கள் கையொப்பம் இல்லாமல் திறக்க மாட்டோம் என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் பேசுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் பேசுவார்கள்.

கிழவர் கிழவிகள் மாற்றிச் சொல்வார்கள், அதை நம்பி வரலாறு எழுதுவதா என்று கூட்டத்தில் ஓர் ஆசிரியர் கேட்டார். மாற்றித்தான் சொல்வார்கள். 1957 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அம்பாறை தனி மாவட்டமாகவில்லை, எல்லாம் மட்டக்களப்புத்தான், பிரித்தது 1961 இல். நான் அப்போது சிறுமி. வீட்டுக்குள் தண்ணீர் வந்த அன்றே அமெரிக்க ஹெலிகொப்டர் வந்து சாமான் போட்டது என்று எங்கள் தெருவில் மூத்தவர்கள் சத்தியம் செய்வார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் வெள்ள நிவாரணத்துக்கு இலங்கைக்கு வந்தது 1958 ஜனவரியில். அப்படியானால் அவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பசித்திருந்த நாட்களும் சாப்பாடு வந்த நாளும் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து, "தைப்பொங்கலுக்கு முன்னா, பின்னா? வீட்டுக்குள் இன்னும் தண்ணீர் நின்றதா, வடிந்துவிட்டதா?" என்று கேட்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கும். ஜனாதிபதி நூலகங்களில் பேட்டி காண்பவர்கள் செய்வது அதுதான். பெட்டிகளிலுள்ள பத்திரங்களைப் படித்துவிட்டுப் போய், "இந்தத் திகதிக் குறிப்பில் இப்படி இருக்கிறதே" என்று பேசுபவரின் முன்னால் வைக்கிறார்கள். பத்திரம் நினைவைத் திருத்தும், சில நேரம் நினைவு பத்திரத்தைத் திருத்தும். எங்கள் கூட்டத்து ஆசிரியர் இதில் முதற்பாதியை மட்டும் பார்க்கிறார்.

எந்தப் பத்திரம் எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு தேட வேண்டும். அந்த வெள்ளக் காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், அவருடைய வெள்ளை மாளிகைப் பத்திரங்கள் கான்சஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற சிறு நகரத்தில் இருக்கின்றன. கடற்படைக் கப்பல்களின் நாட்பதிவுகள் அங்கே இல்லை, அவை அந்நாட்டுத் தேசிய சுவடிக்கூடத்தில். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து 1949 இல் தொடங்கி அணையைக் கட்டிய மொறிசன் நட்சன் ஒரு தனியார் கம்பெனி. ஐடஹோ மாநிலத்துக்காரர்கள், நமது அரசாங்கம் கூலி கொடுத்து அழைத்தது. அவர்களுடைய சம்பள இடாப்பு எந்த ஜனாதிபதி நூலகத்திலும் இருக்கப்போவதில்லை. ஆனால் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே சபையின் கையில் கொடுத்து அபிவிருத்தி செய்யும் யோசனை ரூஸ்வெல்ட் 1933 இல் தொடங்கிய டெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையிலிருந்து வந்தது. கல்லோயா அபிவிருத்திச் சபை அதைப் பார்த்து அமைத்ததுதான். வளராத நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி என்று 1949 ஜனவரியில் ட்ரூமன் அறிவித்த திட்டத்தில் வேலை செய்தவர்கள் பலரின் குரல்கள் ட்ரூமன் நூலகத்தில் இருக்கின்றன. திட்டம் போட்டவர்களின் பக்கம் அங்கே பத்திரமாக இருக்கிறது. மண் சுமந்தவர்களின் பக்கம் நாவிதன்வெளியிலும் இறக்காமத்திலும் சம்மாந்துறையிலும் சாய்மனைக் கதிரைகளில் கிடக்கிறது.

பெரிய கட்டடம் வேண்டும், அமைச்சு வேண்டும், வெளிநாட்டுப் பணம் வேண்டும் என்று யாரும் தொடங்க வேண்டாம். கொழும்பில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது, 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அது முதலில் அரச ஆவணங்களுக்கானது. நம்மவர்கள் 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைப்பதோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. பிரதி ஒன்றை அங்கே கொடுக்கலாம். ஒன்று ஊர் வாசிகசாலையில் இருக்கட்டும். மற்றையது பேசியவரின் வீட்டுக்கு. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாட்சி சொன்னவனுக்குத் தன் சாட்சியத்தின் பிரதி தேவையென்றால் விண்ணப்பம் எழுதி முத்திரைக் கட்டணம் கட்டி அலைய வேண்டும் என்ற உலகத்தில் வாழ்ந்தவள் நான். தன் வாயால் சொன்னதைத் தானே வாசித்து, அல்லது வாசிக்கக் கேட்டு, இது நான் சொன்னதுதான் என்று கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்காத எவருடைய பேச்சும் பெட்டிக்குள் போகக் கூடாது.

மலர் வெளியிட வேண்டுமென்றால் தாராளமாக வெளியிடட்டும். பதிவு முடிந்த பிறகு, அதிலிருந்து எடுத்து, பேசியவர் அனுமதித்த பகுதியை மட்டும், அவர் பேசியபடி. ஆசிச் செய்திகளை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அச்சகத்துக்குப் பணம் கட்டுபவர்கள் அவர்கள்தானே.

அந்த அமைப்பினருக்கு இதன் மூலம் என் நிலைப்பாட்டைத் தெரிவிக்கிறேன். ஒரு சதமும் வாங்காமல் தட்டச்சு செய்து தர நான் தயார். கேட்பவர் ஒருவராக இருக்க வேண்டும், அவர் வாசித்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்கப்பட வேண்டும். கேள்வியையும் மௌனத்தையும் நான் தட்டச்சு செய்வேன், யாரும் அதை வெட்டக் கூடாது. முஸ்லிம் ஊர்களுக்கும் சிங்களக் குடியேற்றங்களுக்கும் போக வேண்டும், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு. நாவிதன்வெளி ஐயாவிடம் இரண்டாம் முறை போக வேண்டும், அந்தப் பாம்புக் கதையில் அவரை மறிக்காமல் விட வேண்டும்.

இவற்றுக்குச் சம்மதமென்றால் தை மாதத்துக்குள் தொடங்குங்கள். பெரும்போக வெட்டுத் தொடங்கிவிட்டால் வீடுகளில் கூட்டிக்கொண்டு போவதற்கு ஆள் இருக்காது, கிழவர்களும் களத்துமேட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்,
பாண்டிருப்பு.
(பெயரும் முகவரியும் தங்களுக்கு மட்டும் தனியாக இணைக்கப்பட்டுள்ளன.)